நடைவண்டி வாங்குவோர் கவனத்திற்கு

இலக்கியம் பேசும் இடத்தில் வண்டி வாங்கும் யோசனையா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. முடிந்தவரை இலக்கியத்தின் வழியாகவே வந்து சேர்கிறேன்.

பதினேழு ஆண்டுகளாகப் பட்டினப்பாலையை வகுப்பில் நடத்திவருகிறேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வீட்டின் அகன்ற முற்றம். உலரப்போட்ட தானியத்தைக் கொத்த வருகிறது கோழி. வீட்டுப் பெண்கள் காதிலிருக்கும் கனத்த பொற்குழையைக் கழற்றி அதன்மேல் எறிகிறார்கள். குழை அங்கேயே கிடக்கிறது. பொற்சிலம்பு அணிந்த சிறுவர்கள் குதிரை பூட்டாமல் தாமே உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை அந்தக் குழை வழிமறிக்கிறது. சோழநாட்டுத் துறைமுக நகருக்கு இதைத் தவிர வேறு பகை கிடையாது என்பது புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்ட விரும்பும் பெருமிதம். வளத்தைச் சொல்லும் உயர்வு நவிற்சி என்று குறிப்பெழுதச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். 'கால்' என்றால் இங்கே சக்கரம் என்பதை மட்டும் நிறுத்திச் சொல்வேன். கடலில் ஓடாத தேரைப் பற்றிய குறளிலும் அதே பொருள்தான் என்று ஒப்புமை காட்டுவேன். அப்படிச் சொல்லியும் ஒரு மாணவர் தேர்வுத் தாளில் 'நான்கில் மூன்று பங்கு அளவுள்ள தேர்' என்று விளக்கம் எழுதியிருந்தார். சிரித்துவிட்டு அரை மதிப்பெண் கொடுத்தேன்.

அந்தத் தேரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அரை மதிப்பெண்ணுக்கு மேல் பெறாது என்பது பிற்பாடுதான் உறைத்தது. ஏன் மூன்று சக்கரம்? செய்தவர் யார்? குழந்தை அதை முன்னால் நின்று இழுத்ததா, பின்னால் நின்று தள்ளியதா? இவற்றை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. எந்த மாணவரும் என்னைக் கேட்டதும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் மகளுக்குக் கம்மாபுரத்தில், எங்கள் வீட்டில் வைத்துக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் சீர் என்னுடையது. கம்மலும் பட்டுப்பாவாடையும் தவிர நவீனமாக ஏதாவது இருக்கட்டும் என்று, வட்டமான பிளாஸ்டிக் சட்டத்தின் நடுவே துணி இருக்கையும் அடியில் ஆறு சிறு உருளைகளும் கொண்ட 'வாக்கர்' ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். முன்பக்கத் தட்டில் பொத்தானை அழுத்தினால் இந்திப் பாட்டு பாடும். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். உட்காரவைத்ததும் கால்விரல்களால் தரையை உந்தி ஓடத் தொடங்கிவிட்டாள். "பாத்தியாண்ணே, இப்பவே நடக்குறா" என்றாள் தங்கை. சபையே பார்த்து மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். பதினோராம் நாள், நாங்கள் மூன்று பேர் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே, அது வாசற்படி இரண்டையும் தாண்டிக் குழந்தையோடு கவிழ்ந்தது. கீழுதடு கிழிந்து மூன்று தையல். எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. அது நடக்கும் வேகத்தில் போகவில்லை. ஓடும் வேகத்தில் போனது.

பிற்பாடு தேடிப் படித்தேன். படித்ததை வாங்குவதற்கு முன் படித்திருக்கலாம். கனடா நாடு இவ்வகை வண்டிகளின் விற்பனை, விளம்பரம், இறக்குமதி எல்லாவற்றையும் 2004-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2001-லேயே தடை கேட்டது. 1990 முதல் 2014 வரை அந்நாட்டில் 15 மாதத்திற்குக் குறைந்த 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். ஒரு வினாடியில் மூன்றடிக்கு மேல் ஓடக்கூடிய வண்டி இது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. 'பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோமே' என்று தங்கை அழுதாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வண்டி நடையைக் கற்றுத்தருவதும் இல்லை. இருக்கையில் தொங்கும் குழந்தை தன் எடையைத் தான் தாங்குவதில்லை. விழாமல் நிற்பது எப்படி என்று அதன் உடல் கற்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தட்டு மறைப்பதால் தன் காலைத் தானே பார்க்கவும் முடியாது. நடை தாமதமாகலாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவு என் தாயார் ஒன்று கேட்டார். "நம்ம ஊட்டுல நடைவண்டி ஒண்ணு இருந்துச்சே, நீயும் உன் தங்கச்சியும் நடந்தது, அது எங்கடா?" அது எங்கே என்று எனக்குத் தெரியும். ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்த ஆண்டு பரணிலிருந்து இறக்கிய பழஞ்சாமான்களில் அதுவும் இருந்தது. வெந்நீர் அடுப்புக்குப் போகட்டும் என்று சொன்னவன் நான். அப்போதும் ஏதோ ஒரு கல்லூரியில் பட்டினப்பாலைதான் நடத்திக்கொண்டிருந்தேன்.

நடைவண்டியைக் காணாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முக்கோணச் சட்டம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பின்பக்கம் நிமிர்ந்த இரு கால்களும் அவற்றை இணைக்கும் குறுக்குப்பிடியும். குழந்தை பிடியைப் பற்றிக்கொண்டு நின்று தள்ள வேண்டும். உட்கார இடமில்லை. கையை விட்டால் குழந்தை பொத்தென்று உட்காரும். விழுந்தாலும் தன் உயரத்திலிருந்துதான் விழும். நகரத்து வீடுகளில் உள்ள தள்ளுவண்டியில் குழந்தை உட்கார, பெரியவர் தள்ளுகிறார். 1980-களில் அமெரிக்காவில் பில் பேச்லர் என்பவர் மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்திக் குழந்தையோடு ஓட்டப்பயிற்சிக்குப் போக உருவாக்கிய வண்டிக்கும் மூன்று சக்கரமே. அங்கே தந்தை தள்ளினார், குழந்தை அமர்ந்திருந்தது. நம்முடையதில் குழந்தையே சாரதி.

அந்த ஆசாரியைக் கண்டுபிடிக்க நான்கு நாளாயிற்று. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில் ஒரு கிளைச்சாலையில் இருந்தது அவர் பட்டறை. நிலைக்கதவு செய்பவர், இரும்புக் கதவு வந்தபின் அதுவும் குறைந்துவிட்டது. நடைவண்டி என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருசம் ஆச்சு சார் இதைக் கேட்டு ஆளு வந்து" என்றவர், உடனே ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கி வரச் சொன்னார்.

தூக்கிப்போனோம். அவளை உத்தரத்தைத் தாங்கும் தூணைப் பிடித்து நிற்கவைத்து, ஒரு நூலால் தரையிலிருந்து தொப்புளுக்கு மேல் இரண்டு விரற்கிடை வரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். "புடி நெஞ்சுக்கு மேல போனா புள்ள தொங்கும். இடுப்புக்குக் கீழ போனா கவுந்துக்கும்." பத்துப்பாட்டு உரைகளில் எனக்குக் கிடைக்காத விளக்கம் இது.

அன்று அரைநாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மரம், 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் சாய்ந்த பலா. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் எந்த அளவு சாய்ந்தன என்பதைப் பண்ருட்டிப் பக்கத்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். இன்றும் பெருமூச்சு விடுவார்கள். சாய்ந்த மரத்தில் சில பலகைகளை வாங்கிப் பட்டறை மூங்கில் மேல் அடுக்கிவைத்திருந்தாராம். பத்தாண்டுக்கு மேல் காற்றில் உலர்ந்த மரம் முறுக்கிக்கொள்ளாது. பச்சை மரத்தில் செய்த வண்டி ஒரு கோடையில் சக்கரம் வெடித்துவிடும். ஆகவே வண்டி வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது என்ன மரம் என்பதை அல்ல. அறுத்து எத்தனை நாளாயிற்று என்பதை.

மூன்று சக்கரம் ஏன் என்ற என் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் பட்டறை முக்காலியைத் தள்ளிவிட்டார். மேடு பள்ளமான மண்தரையில் அது ஆடாமல் நின்றது. பக்கத்திலிருந்த நாற்காலி ஆடியது. நான்கு கால்களில் ஒன்று எப்போதும் காற்றில் நிற்கும். மூன்று புள்ளிகளோ எந்தத் தரையிலும் ஒருசேரப் பதிந்துவிடும். சாணம் மெழுகிய முற்றங்களின் நாட்டில் நான்கு சக்கரச் சிறுதேர் தடதடவென்று ஆடியிருக்கும். காவிரிப்பூம்பட்டினத்துத் தச்சர் இதை அறிந்தே மூன்றாக்கினார் என்பது என் ஊகம். ஊகம்தான், சான்று கேட்டால் முக்காலியைத்தான் காட்டமுடியும்.

மூன்று சக்கரத்திற்கு ஒரு குறையும் உண்டு. முன்மூலைகள் இரண்டும் வெறுமையாக இருப்பதால் குழந்தை பிடியை ஒருபக்கம் அழுத்தித் திருப்பினால் வண்டி அந்த மூலைக்குச் சாயும். எனவே பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் வேண்டும். குழந்தையின் தோள் அகலத்தைவிடக் கையகலமாவது கூடுதலாக. சட்டம் கனமாகவும் தாழ்வாகவும் இருக்கவேண்டும். பிடி, பின் அச்சுக்கு நேர்மேலேயோ அதற்கும் பின்னாலோ இருக்கலாகாது. சற்று முன்னால் தள்ளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிற்கத் தெரியாத குழந்தை பிடியில் தொங்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி குழந்தையின் மேலேயே மல்லாக்கச் சாயும். திருவிழாக் கடைகளில் தொங்கும் மெலிந்த வண்ண வண்டிகள் பலவற்றில் இந்தக் கோளாறு இருக்கிறது. வாங்கும்போது பிடியின் மேல் உங்கள் கையை வைத்துக் கீழ்நோக்கியும் சற்றே பின்நோக்கியும் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் எழும்பினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வண்ணம் வேண்டாம் என்பது என் கட்சி. குழந்தை பிடியைக் கடிக்கும். கடிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பட்டறை மூலையில் கிடக்கும் பழைய டப்பா எந்த ஆண்டுடையது என்று யார் சொல்வது? அழகு வேண்டுமென்றால் கடைசல் பிடித்த மரத்தில் அரக்கு ஏற்றலாம். சன்னபட்டணத்துப் பொம்மைகளும் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் அப்படித்தான் மினுங்குகின்றன. எங்கள் ஆசாரி உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்து, தன் கன்னத்தில் பிடியை உரசிப் பார்த்தார். கைக்குத் தெரியாத சிலாம்பு கன்னத்துக்குத் தெரியுமாம்.

பிறகு அச்சாணி. பெருந்தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படிப்பட்டவர்களை உருவத்தால் இகழாதே என்ற குறளை மேற்கோள் காட்டாத மேடைப் பேச்சாளர் தமிழகத்தில் உண்டா? ஆனால் சிறுதேரின் அச்சாணியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அது கழன்றால் சக்கரம் போவதோடு முடியாது. ஆணி குழந்தையின் வாய்க்குப் போகும். பொம்மைகளைச் சோதிப்பவர்கள் சுமார் 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளைக்குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கும் எந்த உதிரிப்பாகமும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. வாரம் ஒருமுறை மூன்று சக்கரங்களையும் பிடித்து இழுத்துப் பார்த்தால் போதும்.

பராமரிப்பில் எனக்கு வியப்பளித்தது ஒன்று. வண்டியை ஒப்படைக்கும்போது ஆசாரி சொன்னார்: "உருளைக்கு எண்ணெ கிண்ணெ போட்டுறாதீங்க சார். கீச்சுன்னு கத்தட்டும். எண்ணெ போட்டா வண்டி புள்ளைய இழுத்துக்கிட்டுப் போயிரும்." வண்டி சிரமப்பட்டு நகரவேண்டும், அந்தச் சிரமமே குழந்தைக்குப் பிடிமானம். அதுமட்டுமல்ல, அந்தக் கீச்சொலி குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று அடுக்களையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் பொம்மைகளும் மின்சாரப் பீங்கான் பொருள்களும் செய்யும் சூளைகள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. ஆயினும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதித்த வழவழப்பான தரைக்கல் குஜராத்தின் மோர்பி பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. முகம் தெரியும் அந்தத் தரையில் மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது; ஆசாரி கணக்குப் போட்டது மண்தரைக்கு. சக்கரங்களின் விளிம்பில் பழைய மிதிவண்டி டியூபை வெட்டி வளையமாக மாட்டினோம். இப்போது பிடித்துக்கொண்டு நகர்கிறது. கிழிந்தால் மாற்ற ஐந்து நிமிடம்.

மற்றபடி வெயிலில் காயவைக்கவேண்டாம், மழையில் நனையவிடவேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊதிச் சக்கரம் இறுகும். அதைத் தட்டித் தளர்த்தினால் தை மாதத்தில் கடகடவென்று ஆடும். இறுகினால் இறுகட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. வண்டிக்கடியில் மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் மரம் உளுக்கிறது என்று பொருள்.

எந்த வயதில் கொடுப்பது? இதற்கு நான் பிள்ளைத்தமிழிடம் போகிறேன். காப்பு முதல் சிறுதேர் வரை ஆண்பாற் பருவங்கள் பத்து. மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களாக எண்ணி இருபத்தொன்றில் முடிப்பது வகுப்பில் நாங்கள் சொல்லும் கணக்கு. அதன்படி வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். குழந்தையைத் தளர்நடையிட்டு வா என்று தாய் அழைப்பது அப்போது. சிறுதேரோ கடைசியில், இருபத்தொன்றில். நம் புலவர்கள் முதலில் நடக்கவிட்டு அப்புறம்தான் கையில் தேரைக் கொடுத்திருக்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கிலும் பிடிப்பில்லாமல் நடப்பது எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போதும் நிகழலாம், எல்லாம் இயல்பே. ஆறாம் மாதத்தில் சக்கரம் பூட்டி விரட்டும் அவசரம் நம் காலத்தது. எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு நகரத் தெரிந்த குழந்தைக்கே நடைவண்டி. அப்போதும் படியை அடைத்துவைக்கத்தான் வேண்டும். எந்த வண்டியும் இல்லாமலே குழந்தை நடந்துவிடும் என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் சொன்னார். மறுக்கமாட்டேன். தேர் நடப்பதற்கு அன்று, விளையாடுவதற்கு என்றுதானே புலவர்களும் சொல்கிறார்கள்.

போகிறபோக்கில் ஒன்று. சிறுதேர் ஆண்குழந்தைக்கே உரியது. பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வேறு பிரித்துவிட்டார்கள். பட்டினப்பாலையிலும் உருட்டுவோர் புதல்வர்களே. பெண்கள் கோழி விரட்டுகிறார்கள். என் மருமகள் தேர் உருட்டுகிறாள். பாட்டியல் நூலார் மன்னிக்க.

அதே உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உழவர் குடியிருப்பில் இன்னொரு தேர் வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் என்று அதைச் சொல்கிறார். அதை ஏறி ஓட்டமுடியாது, உருட்டத்தான் முடியும். உருட்டிக் களைத்த குழந்தை செவிலியிடம் பாலுண்டு உறங்குகிறது. எனக்கு இதுவே பட்டினப்பாலையைவிட உயர்ந்த பாராட்டாகத் தோன்றுகிறது. பொழுதெல்லாம் மரத்தோடு புழங்கும் வீட்டுப் பிள்ளை ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டால் அதில் ஏதோ இருக்கிறது. குறுந்தொகையில் தும்பிசேர்கீரனாரும் தச்சன் செய்த சிறுவண்டியைக் கையால் இழுத்து மகிழும் சிறுவர்களைத் தலைவிக்கும் தோழிக்கும் பொருத்தமாக உவமையாக்குகிறார். சங்கப் புலவர்களுக்குத் தச்சர் பட்டறை தெரிந்திருக்கிறது. மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கிய பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரை நாங்கள் பாடத்தில் வைக்கிறோம். ஏழைவீட்டுச் சிறுவன் பொன்வண்டி கேட்டு அழ, வசந்தசேனை தன் நகைகளை மண்வண்டியில் நிரப்பும் கட்டத்தை உருகி நடத்துகிறோம். மண்ணை வைத்தே பிழைக்கும் ஊரில் ஒரு மண்வண்டியை மாணவர் கையில் கொடுத்து நடத்தியவர் எங்களில் யாருமில்லை.

எங்கள் ஆசாரியை நினைத்தால் இன்னொரு கவலை. 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்கள் இந்தியத் தரமுத்திரையோடுதான் விற்கப்படவேண்டும் என்ற ஆணை 2020-இல் பிறந்து 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல ஆணை. என் மருமகளின் உதட்டைப் பார்த்தவன் தரக்கட்டுப்பாட்டை எதிர்த்துப் பேசமாட்டான். கைவினைஞர்களுக்கு விலக்கும் அளித்திருக்கிறார்கள். ஆனால் மத்திய அரசின் கைவினைத்துறை ஆணையரிடம் பதிவு செய்தவர்களுக்கே. கிளைச்சாலைப் பட்டறையில் நிலைக்கதவுக்கு இடையே ஆண்டுக்கு ஒரு நடைவண்டி செய்பவர் எங்கே பதிவார்? எழுத்தின்படி பார்த்தால் கன்னத்தில் உரசிப் பார்க்கிறவரின் வண்டி ஐயத்துக்குரியது. முத்திரை பெற்ற வண்டியோ, தரையின் வழவழப்பையும் குழந்தையின் உயரத்தையும் அறியாது. அரசுதான் அவரைத் தேடி வரவேண்டும் என்று எழுதுவது எளிது. பதிவுப் படிவத்தை நிரப்பித்தர எங்கள் கல்லூரி மாணவர்களாலேயே முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சாலையோரம் பெருக்கும் நாளில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். "தமிழ்த்துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சொல்வதாக இருக்கிறேன். படிவத்தை நான் மட்டுமாவது வாங்கிவைத்திருக்கிறேன். ஆசாரியின் கையெழுத்துத்தான் பாக்கி. "எதுக்கு சார் அதெல்லாம்" என்று நழுவிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பருவத்தில் பட்டினப்பாலை நடத்தும் நாளில் வண்டியை வகுப்புக்கு எடுத்துப்போனேன். மேசைமேல் வைத்தபோது கூடச் சிரித்தார்கள். தரையில் இறக்கி, ஒரு மாணவியின் கம்மலைக் கேட்டு வாங்கி முன்சக்கரத்துக்கு எதிரே வைத்துத் தள்ளச் சொன்னேன். வண்டி உண்மையிலேயே நின்றுவிட்டது. உயர்வு நவிற்சி என்று இத்தனை ஆண்டுகளாக எழுதவைத்த குறிப்பை அடித்துவிடச் சொன்னேன்.

மருமகள் இப்போது ஓடுகிறாள். வண்டி அவளுக்குத் தேவையில்லை. எதிர்வீட்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. அச்சாணிகளைச் சோதித்து, புது டியூப் வளையம் மாட்டி, நேற்று அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணெய் போடவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தாள் என் தாயார்.